நாரையை என்னவென்று சொல்வது

ஏரியை மண்கொட்டித் தூர்த்துவிட்டார்கள். முட்டையிட இடம் தேடி மூன்று நாளாய்ப் பறந்த நாரை, ஒரு புளியமரத்தில் தயங்கித் தயங்கி இறங்கியது.

"யாரது, ஊர்சுற்றியா?" என்றது அங்கே கூடு கட்டியிருந்த காகம்.

"ஊர்சுற்றி ஆசைப்பட்டுச் சுற்றுவான். எனக்கு அந்த ஆசையில்லை, அக்கா."

"அப்போ பரதேசியா?"

"பரதேசி எந்த மரத்தடியிலும் படுத்துக்கொள்வான். எனக்குக் கூடு கட்ட ஒரு கிளை வேண்டும்."

"நாடோடியோ?"

"நாடோடிக்கு அடுத்து எங்கே போவதென்று தெரியும்." வயிறு கனக்க, நாரை கால் மாற்றி மாற்றி நின்றது.

"பின்னே உன்னை என்னவென்று சொல்வது?" என்று கேட்டுக்கொண்டே காகம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

மறுநாள் வந்த மைனா, "யாரிது?" என்றது.

"பக்கத்து வீட்டுக்காரி" என்றது காகம்.

அதைக் கேட்டபிறகுதான் நாரை ஒரு காலை மடக்கிக்கொண்டு கண் மூடியது.