பிரிக்க மறந்த அட்டை

ஆகஸ்ட் பதினெட்டு. காலையில் தூறல், பிற்பகலில் புழுக்கம். முதியோர் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுக்கு இன்றே கடைசி நாள்; ஐந்து மணிக்கு முடித்துவிடுவார்கள். பள்ளிக்கூட அறையில், வெள்ளைத் திரைக்கு முன்னே, தம்பி விறைப்பாக அமர்ந்திருக்கிறார். அவருடைய மனைவியின் இதய அறுவைச் சிகிச்சைக்கு இந்தக் காப்பீட்டை விட்டால் வேறு வழியில்லை. நிலத்தைப் பிரித்துக்கொண்ட சகோதரர்கள் குடும்ப அட்டையைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். ஆகையால் இருவரும் ஒரே படத்தில் விழவேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக முகங்கொடுத்துப் பேசாத அண்ணன், பக்கத்து நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டு அமர்கிறார். அவரது சட்டையின் ஈர வாடை தம்பியின் மூக்கில் ஏறுகிறது.

"ஒட்டி உக்காருங்க பெரியவரே, அவருக்குப் பாதி மூஞ்சிதான் விழுது" என்கிறாள் பதிவுக்காரப் பெண்.

"அந்த மூஞ்சிக்குப் பாதியே அதிகம்" என்கிறார் அண்ணன்.

"சண்டைன்னா வெளிய போய்ப் போடுங்க."

"சண்டை எங்கம்மா? எங்களுக்குள்ள பேச்சே கிடையாது."

வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். தம்பியின் விரல்கள் முழங்காலை இறுக்குகின்றன; எழுந்துவிடத் துடிக்கும் கால்களை அவரே பிடித்து வைத்திருக்கிறார். அண்ணனின் நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு நெருங்குகிறது. தோள்கள் இடிக்கின்றன. கேமராவை விட்டுக் கண்ணெடுக்காமல் அண்ணன் சொல்கிறார்: "அவ பொழைக்கட்டும். நீ எக்கேடும் கெட்டுப் போ."

வெளிச்சம் மின்னி அணைகிறது. அண்ணன் எழுந்து நடக்கிறார். மாலை மணி நான்கு நாற்பத்தேழு.