மணிக்கட்டு போட்ட ஓட்டு

திரைப்பட விருதுக்கு நடுவர்கள் பேசி முடிவெடுத்த காலம் மலையேறிவிட்டது. படம் பார்க்கும்போது யார் மனம் எவ்வளவு உருகியது என்று பார்த்து, அவர்கள் மணிக்கட்டில் கட்டிய பட்டையே ஓட்டுப் போட்டுவிடும்.

சண்டைப் படங்களுக்கு விருது கூடாதென்று முப்பது வருடம் எழுதிய தில்லைநாயகிதான் அந்த வருடம் நடுவர் குழுத் தலைவி. முதலிடம் பிடித்ததோ ஒரு விண்வெளிச் சண்டைப் படம்.

"உங்க ஓட்டாலதான் ஜெயிச்சிருக்கு மேடம்," என்றார் செயலாளர் இஸ்மாயில் தயங்கியபடி. "வேணாம்னா அந்த ஓட்டை எடுத்துடலாம், விதியில இடமிருக்கு. இல்லேன்னா நாளைக்குப் பேப்பர்ல உங்க பேரோட வந்துடும்."

தில்லைநாயகிக்கு முகம் சிவந்தது. உடைந்துகொண்டிருந்த விண்கலத்தில், நாற்பது பேர் வெளியேறும்வரை கதவை முதுகால் தாங்கி நின்ற சமையல்காரி கண்முன் வந்தாள். அந்தக் காட்சியில் அவர் மூச்சுவிடவே மறந்திருந்தார்.

"இருக்கட்டும் இஸ்மாயில். எனக்குப் பிடிச்சிருந்துது."

சமையல்காரியாக நடித்த ஸ்டண்ட் கலைஞர் எஸ்தருக்கு அவரே போன் செய்தார்.

"சண்டைப் படத்துக்கு விருதா மேடம்? நெசமாவா?"

"ஆமாம்மா. அந்தக் கதவைத் தாங்குனப்போ முதுகு ரொம்ப வலிச்சுதா?"



"இருபது வருஷமா குதிக்கிறேன் மேடம்," என்றாள் எஸ்தர். "வலிச்சுதான்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் கேக்குறீங்க."