தாண்டிப் போன ஆள்

"வேலையை விட்டுத் தூக்கின ஆளு எப்படிம்மா உள்ள வந்து உக்காந்திருக்கான்?"

எல்லோரும் 'பாக்', அதாவது ஐயா, என்று அழைக்கும் மேலாளர் சுதர்மோ கேட்டதும் வெனிங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டிப் பார்த்தாள். பாகஸ் தன் இருக்கையில் ஹாயாகக் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

இந்தோனேசியாவின் சுராபாயா அலுவலகத்தில் ஆட்குறைப்பு. காலையில் கார்டுக்குக் கதவு திறக்கவில்லை என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கார்டுகளை முடக்கும் புரோகிராம் வெனிங் எழுதியது. ஆனால் யார் யாரைத் தூக்குவது என்ற பட்டியலைப் பூட்டி அதில் போட்டவர் சுதர்மோ; பெயர்கள் அவருக்குத்தான் தெரியும்.

புரோகிராமைத் திறந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, நான் பண்ண கூத்துதான் பாக்! ஊழியர் வரிசையில ஒவ்வொருத்தரா பாத்துக்கிட்டே, தூக்க வேண்டிய ஆளையும் அதுலேர்ந்து எடுத்திருக்கேன்."

"புரியிற மாதிரி சொல்லு."

"மூணாவது ஆள எடுத்தா, நாலாவது ஆள் மூணாவது இடத்துக்கு நகர்ந்துடுவார். புரோகிராம் நாலாவது இடத்துக்குப் போயிடும். நகர்ந்தவரப் பாக்கவே பாக்காது. அவரும் தூக்க வேண்டியவரா இருந்தா, தப்பிச்சார்!"

சுதர்மோவின் முகம் வெளிறியது. "அப்ப பாகஸ் மட்டும் இல்லையா?"

"இன்னும் யாராவது இருப்பாங்க. இதோ சரி பண்ணிடறேன்."

"வேணாம்! பாகஸ் கிட்ட நானே பேசிக்கறேன். நீ அதுல கை வைக்காத."

"தலைமை அலுவலகத்துக்குத் தெரிஞ்சா என் வேலைக்கே உலை வெச்சிடுவாங்க பாக்!"

"சொன்னா கேளும்மா. போ, போய்ச் சாப்பிடு."

வெனிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு மாட்டிக்கொண்டால் பழியை அவள் தலையில் கட்டிவிடுவார். வீட்டில் கைக்குழந்தையும் வேலையில்லாத கணவனும் இருக்கிறார்களே, இவருக்கென்ன தெரியும்?

அவர் நகர்ந்ததும் வரிசைக்கு ஒரு நகல் எடுத்தாள். நகலைப் பார்த்துப் போவது, அசலிலிருந்து நீக்குவது. இனி ஒருவரும் நழுவ முடியாது. ஓடவிட்டாள். அப்பாடா, வேலை தப்பித்தது!

கீழே போய் நிம்மதியாக ஒரு கிண்ணம் பக்ஸோ சூப் குடித்துவிட்டு வந்து, கதவில் கார்டைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினாள். அதே சிவப்பு.

"அண்ணே, கார்டுல ஏதோ கோளாறு."

காவலர் தயங்கித் தயங்கி, மேசைக்கடியிலிருந்து அவள் பெயர் எழுதிய காலி அட்டைப்பெட்டியை எடுத்தார்.

"கோளாறு காலையிலதான்மா. உங்க சாமானுக்கு இந்தப் பெட்டி அப்பவே வந்துடுச்சு. அப்புறமும் உங்களுக்குக் கதவு திறந்துச்சேன்னு நான் முழிச்சிட்டிருந்தேன். சுதர்மோ ஐயாதான் இப்ப போன் பண்ணி, உங்க கண்ணுல காட்டாம ஒளிச்சு வைக்கச் சொன்னாரு."