திருத்தியதற்கான காரணம்

கூட்டல் போட மூத்ததைத்தான் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் பிள்ளைகளை மூத்தது, சின்னது என்றுதான் சொல்வோம்.

எனக்குக் கண் மங்கல். மூத்ததுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு.

சாப்பாட்டு மேஜை முழுக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள். எண்பத்தாறு வீடு, முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். காலையில் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பக்கத்தின் மொத்தம் இருக்கும் அடிவரி மட்டும் தெரியும்படி ஒவ்வொரு தாளையும் மடித்துக் கொடுத்தேன். ஆண், பெண், மற்றவர் என்று மூன்று கட்டம். பெயர் யார் கண்ணிலும் படக்கூடாது. ரகசியம் காப்பதில் நான் கறார்.

நான் சும்மா ஆள் இல்லை. கணக்கெடுக்கப் போன நாற்பது ஆசிரியர்களுக்கும் வகுப்பு எடுத்தவன். ஆளைப் பார்த்து எழுதாதீர்கள், கேட்டு எழுதுங்கள். முதலில் பென்சில், கடைசியில்தான் பேனா என்று தொண்டை கிழியக் கத்தியவன். கைகூடத் தட்டினார்கள்.

மூத்தது விறுவிறுவென்று கூட்டிக்கொண்டே வந்தது. ஐந்தாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

மூன்றாவது கட்டத்தில் ஒரு ஒன்று.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சைக்கிள் கடைக்காரர் அது. ஆணா பெண்ணா என்று கேட்டதும் தரையைப் பார்த்தார். மூன்றாவதும் இருக்கிறது, உங்களை எப்படி எழுதிக்கொள்ளட்டும் என்றேன். பிறவியிலேயே இரண்டிலும் சேராத உடம்பு, மனசும் அப்படித்தான், இத்தனை வருஷத்தில் என்னைக் கேட்டு எழுதிய முதல் ஆள் நீங்கள்தான் என்றார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கண் கலங்கியிருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். பெயரையும் கடையையும் சொல்லவில்லை. பெருமையை மட்டும் மறைக்கவில்லை.

மூத்தது என் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அவர் சந்தோஷப்பட்டாரா என்று மட்டும் கேட்டது. ரொம்ப, என்றேன்.

அந்த வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன மாதம் இதே மேஜையில்தான் மூத்தது எங்களிடம் சொன்னது. பிறந்தபோதே அதன் உடம்பு ஆண், பெண் இரண்டிலும் அடங்கவில்லை. பொறுத்திருந்து பார்க்கலாம் என்ற டாக்டரிடம், ஆண் என்றே எழுதுங்கள் என்று அடம்பிடித்தவன் நான். உடம்புக்கு டாக்டர் என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும், நான் யார் என்று நான்தான் சொல்ல வேண்டும், நான் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்றது மூத்தது.

பார்க்கலாம் என்றேன். இருபத்துமூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் பக்கத்தின் முதல் வரிகள் எங்கள் வீட்டு ஆட்கள். மூத்ததின் வரியில் மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக் விழுந்தால், ஆசிரியர் அறையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு டீ குடிப்பேன்? அதனால் வீட்டில் யாரையும் கேட்கவில்லை. மூத்ததை ஆண் என்று நானே எழுதிவிட்டேன்.

மூத்தது கடைசிப் பக்கம்வரை கூட்டி முடித்தது. முதல் பக்கத்தின் அடிவரியை இன்னொரு முறை பார்த்தது. மூன்றாவது கட்டத்தில் பூஜ்யம்.

"கூட்டல் சரியா இருக்குப்பா. ஆனா மூணாவதுல ஒண்ணு குறையுது."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு எகிறியிருப்பேன். காது மடல் எரிந்தது. காப்பியடித்துப் பிடிபட்டவன்போல் தலையைக் குனிந்துகொண்டேன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஊருக்குத்தான் உபதேசமா என்று என் மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மூத்தது ரப்பரை என் பக்கம் நகர்த்தியது. பென்சில்தானே, அழித்துவிட்டு எழுதிவிடலாம் என்று நினைத்திருக்கும்.

முதல் பக்கத்தின் மடிப்பைப் பிரித்தேன்.

மற்ற எண்பத்தைந்து வீட்டையும் பென்சிலில்தான் எழுதியிருந்தேன். எங்கள் வீட்டை மட்டும் முதல் நாளே பேனாவில் எழுதியிருந்தேன், பின்னால் எனக்கே மனசு மாறிவிடக் கூடாதென்று.

பேனாவில் எழுதியதைத் திருத்தினால், ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதையும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

அடித்தேன். மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன்.

காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. கேட்காமல் எழுதிவிட்டேன் என்று இரண்டே வார்த்தைதான். ஆனால் காலையில் தலைமையாசிரியர் அதைப் படிப்பார்.

கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூத்தது தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தது. வரிசையாக இருந்த பென்சில் எழுத்துகளுக்கு மேலே தனியாக நின்ற எங்கள் வீட்டு மை வரிகளையும் பார்த்தது.

மொத்தம் போட்ட தாளை எடுத்தது. ஆண் கணக்கில் ஒன்றைக் குறைத்தது. மூன்றாவது கட்டத்தில் இருந்த ஒன்றை ரப்பரால் அழித்துவிட்டு, இரண்டு என்று எழுதியது.