சத்தமில்லாத ஏரியா

நைட் ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸுக்குப் பகலில் தூக்கம் வேண்டும். ரயில் பாதையோரக் குடித்தனத்தில் அது எங்கே வரும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனை இழுத்துக்கொண்டு மூன்று ஏரியாக்களை அலசினாள். முதல் ஏரியாவில் நாய்கள், அடுத்ததில் மைக் செட். மூன்றாவதில், வீட்டைக் காலி செய்யவிருந்த பெரியவர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"இங்க சத்தம் எப்படி சார்?"

"இலை விழுந்தாக்கூடக் கேக்கும்மா. ஆபீஸ்ல மாத்திட்டாங்க, இல்லேன்னா நான் ஏன் நகரப்போறேன்?"

நம்பி வந்து சாமான் இறக்கிய அன்று, பின்சுவருக்கு அந்தப்பக்கம் மரம் அறுக்கும் மில் அலறியது. பெரியவரின் லாரி அப்போதுதான் புறப்பட்டது. ஓடிப்போய் மறித்தாள்.

"இப்படிப் புளுகலாமா சார்?"

அவர் நெளிந்தார். "தப்புதாம்மா. இந்த மில்லால நான் கண்ணை மூடி வருஷமாச்சு. ரயில் பாதைகிட்ட ஒரு வீடு கிடைச்சுது. ரயில் சத்தம் துளிக்கூடக் கேக்காதுன்னு அங்க குடியிருந்தவர் போன்ல அடிச்சுச் சொன்னார்."

நர்ஸ் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். புருஷன் சுருட்டிய மெத்தைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் நழுவினான்.

அவள் ஒதுங்கி லாரிக்கு வழி விட்டாள்.

"போய்ட்டு வாங்க சார். அங்க நல்லாத் தூக்கம் வரும்."