பெரிய மருமகளின் குரல்

பெரிய மருமகளை அன்று மதியம் மூன்றாவது முறையாகச் சாகடித்தார்கள்.

உதட்டசைவு நின்ற பிறகும் அவளுடைய அலறல் நிற்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் மறுபடியும் என்று கைகாட்டினார்.

திரையில் மாடிப்படியில் உருண்டு விழுகிற, டிவி தொடரின் பெரிய மருமகளாக நடிக்கிற நடிகை வேறு மொழிக்காரி. மூன்று வருடமாக அவளுக்கு டப்பிங் பேசுகிறவள் இவள்.

இவளுக்கென்று ஒரு பேச்சு எப்போதும் இருந்ததில்லை. சிரிக்கிறவர்களோடு இருந்தால் சிரிப்பாள், சிடுசிடுக்கிறவர்களோடு இருந்தால் சிடுசிடுப்பாள். அவர்கள் எழுந்து போய்விட்டால் உள்ளே காலி வீடுதான். ஆளுமைக் கோளாறு என்று டாக்டர் பெயர் சொன்னபோது, பரவாயில்லையே, நமக்கென்றும் ஒன்று இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் பெரிய மருமகள் வந்தாள். அடேயப்பா, என்ன வாய்! மாமியார், கொழுந்தன், வக்கீல் என்று ஒருத்தரையும் விட்டுவைக்க மாட்டாள்.

அந்தக் குரலை இவள் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனாள். வாடகை வாங்க வருகிற வீட்டு ஓனரிடம் அதில்தான் பேசினாள், பள்ளிக்கூடத்து டீச்சரிடமும் அதில்தான். பிரிந்துபோன கணவன் ஒருநாள் ஃபோனில் அதைக் கேட்டதும் வைத்துவிட்டான். மகளைக் கொஞ்சித் தூங்கவைத்ததும் அதே குரல்தான்.

டாக்டர் திட்டவில்லை. கைத்தடி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஒருநாள் அது இல்லாமலும் நடந்து பார்க்கவேண்டும் என்றார்.

அந்த ஒருநாளைத் தொடர்க்காரர்களே முடிவு செய்துவிட்டார்கள். நடிகைக்குக் கல்யாணமாம், அதனால் பெரிய மருமகளைச் சாகடித்துவிடுகிறார்களாம். அவள் போய்விட்டால் நான் யார் என்று ஒரு வாரமாக இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காவது முறை சரியாக வந்தது. அவ்வளவுதான் மேடம், முடிந்தது என்றார் ஒலிப்பதிவாளர்.

போய் வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு சின்னக் குரல் வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தாள்.

பிறகுதான் புரிந்தது. ஐயோ, இது நான்தான்.

பயந்து செத்துவிடுவோம் என்று நினைத்திருந்தவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ்ஸில் அந்தக் குரலிலேயே டிக்கெட் கேட்டாள். வேண்டுமென்றே பக்கத்து சீட்டுக்காரியிடம் மணி கேட்டாள். அவள் சாதாரணமாகப் பதில் சொன்னாள், ஏதோ காலம் காலமாக இருக்கிற குரலிடம் சொல்வது போல. மகளிடம் முதலில் என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு டிவி பார்க்கிற நேரம். யார் கதவைத் தட்டினாலும் குரலைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கவேண்டும் என்று இவளே பழக்கியிருந்தாள்.

"கண்ணு, அம்மா வந்திருக்கேன். திற."

உள்ளே குடுகுடுவென்று ஓடி வருகிற சத்தம். அது கதவருகே வந்து நின்றுபோனது.

பிறகு பிள்ளை உள்பக்கமாகத் திரும்பிக் கத்தினாள்.

"அம்மா, யாரோ வந்து நீதான்னு சொல்றாங்க."

இவள் கதவில் காதை வைத்தாள். டிவிதான், வேறென்ன, என்று சமாளித்துக்கொண்டாள். போன வாரம் பேசிக்கொடுத்தது இப்போது ஓடுகிறது. குழந்தை அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உள்ளேயிருந்து பெரிய மருமகள் பதில் சொன்னாள். அதட்டாமல், தூங்கவைக்கிறபோது பேசுகிற மாதிரி, பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திறக்காதே, வந்து பாலைக் குடி என்றாள்.

மூன்று வருடத்தில் அந்தத் தொடரில் அப்படி ஒரு பெயர் வந்ததே இல்லை.