பவர் சப்ளைக்கு வந்த உதவி

கேம் விளையாடுவதற்காகக் கதிரேசன் தானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தான். பட்ஜெட்டில் முக்கால்வாசியைக் கிராபிக்ஸ் கார்டு விழுங்கியது. மீதியில் கண்ணாடிக் கேபினட்டும் கலர் கலராக எரியும் விசிறிகளும் வாங்கினான். எல்லாருக்கும் கரண்ட் கொடுக்க வேண்டிய பவர் சப்ளையை மட்டும் கடைசியில் மிஞ்சிய சில்லறைக்கு வாங்கினான்.

கார்டுக்கும் கண்ணாடிக்கும் குங்குமப் பொட்டு வைத்தான். அடியில் கிடந்த பவர் சப்ளை அவன் கண்ணில் படவே இல்லை.

கேம் தொடங்கியது.

"கார்டு அண்ணே, கரண்ட்டைக் கொஞ்சம் மெதுவா இழுங்க. எனக்கு மூச்சு வாங்குது" என்றது பவர் சப்ளை.

"நான் வந்த அட்டைப்பெட்டி விலைகூட நீ பெறமாட்ட. என்கிட்டயே வாய் பேசறியா?" என்றது கார்டு.

சண்டைக் காட்சியின் நடுவில் எல்லாம் அணைந்துபோனது.

"சூடாயிடுச்சு போல" என்றான் கதிரேசன். கடைக்கு ஓடி இன்னும் நாலு கலர் விசிறிகள் வாங்கிவந்து மாட்டினான்.

புது விசிறிகள் பவர் சப்ளையைக் குனிந்து பார்த்தன.

"பயப்படாத தம்பி, உன்னக் காப்பாத்தத்தான் வந்திருக்கோம். மொதல்ல எங்களுக்குக் கொஞ்சம் கரண்ட் குடு."